ரத்தினபாய் மேடையேறிய பன்னிரண்டு விநாடி

எலியேசர் முப்பத்தொரு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவர். மூன்று இயக்க விதிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தூங்கிவிட்டாலும் நிறுத்தாமல் சொல்வார். அப்பேர்ப்பட்டவரால் தன் சொந்த லேப்டாப்பில் ஒரு கல்யாண வீடியோவை இயங்க வைக்க முடியவில்லை. லேப்டாப்பைவிட அவருக்குத்தான் அதிகம் சூடேறியிருக்கிறது என்று மனைவி ரோஸி சொன்னாள். லேப்டாப்புக்காவது உள்ளே ஒரு விசிறி இருக்கிறது.

கல்யாணம் மகள் ஜெரூஷாவுடையது. மே மாதம், காலையில் கிழக்குத் தாம்பரத்து ஆலயத்தில் தாலி கட்டு. மாலையில் பெருங்களத்தூரில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. வீடியோக்காரர் இதோ அதோ என்று இழுத்தடித்து, பெண் பெங்களூரில் குடித்தனம் வைத்து, முதல் சண்டை போட்டு, அது சமாதானமும் ஆன பிறகு செப்டம்பரில் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து நீட்டினார். சாதாரண எச்.டி. இல்லை, அதைவிட நாலு மடங்கு, ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரியும் என்றார். எலியேசர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அந்த வகையில் அவருக்குப் பெரிய ஆதாயம் எதுவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, குன்றத்தூரிலிருந்து அக்கா ரத்தினபாயும் அத்தானும் இரும்புலியூர் வீட்டுக்கு வந்தார்கள். ரோஸி பிரியாணி செய்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் மேசைமேல் லேப்டாப்பை வைத்து, எதிரே நாற்காலிகளைப் போட்டார்கள். கல்யாண வீடியோவை யாரும் கல்யாணத்துக்காகப் பார்ப்பதில்லை. தான் எங்கே வருகிறோம், எப்படி வந்திருக்கிறோம் என்று பார்க்கத்தான் உட்காருகிறார்கள். ரத்தினபாய் கண்ணாடியைப் புடவை முந்தானையில் இரண்டு தடவை துடைத்து மாட்டிக்கொண்டாள்.

முதலிலேயே சகுனம் சரியில்லை. டிரோனில் எடுத்த ஆலயக் கோபுரம் ஆட்டோவில் போவது போலக் குலுங்கிக் குலுங்கி வந்தது. பெண்ணைக் கைபிடித்து நடத்திக்கொண்டு வந்த எலியேசர் தவளை மாதிரி நாலே தாவலில் பீடத்தை அடைந்தார். எல்லோரும் சிரித்தார்கள், எலியேசரும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் வரவேற்பு வந்தது. மேடைக்கு ஐந்து படி. மூட்டுவலிக்காரியான ரத்தினபாய் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். அதே நேரம் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் மேலே எதையோ வெடித்து வண்ணக் காகிதத் துண்டுகளை மழையாகப் பெய்ய வைத்தார்கள். படம் அப்படியே நின்றுவிட்டது.

பாட்டு மட்டும் ஓடியது. பன்னிரண்டு விநாடி. படம் மறுபடி அசைந்தபோது மேடையில் ஜெரூஷா பக்கத்தில் எலியேசரின் பள்ளித் தாளாளர் குடும்பத்தோடு நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். ரத்தினபாயைக் காணோம். பின்னால் தள்ளிப் போட்டார்கள். அதே இடம், அதே நிற்றல், அதே தாளாளர். மூன்றாவது தடவையும் தாளாளர் சிரித்ததும் ரத்தினபாய் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"விடுடா எலி," என்றாள். உலகத்தில் அவரை அப்படிக் கூப்பிட அவள் ஒருத்திக்குத்தான் உரிமை. "அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

கல்யாணத்தன்று மண்டபத்தில் ஐந்து நிமிடம் கரண்ட் போயிருந்தது. அதைச் சொல்கிறாள் என்று நினைத்து, "ஆமாக்கா, ஜெனரேட்டர்காரன் சரியான சோம்பேறி" என்று எலியேசர் ஒத்துப்பாடினார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுந்து, ரோஸி கட்டி வைத்திருந்த பிரியாணித் தூக்கைத் தொடாமல் வாசலுக்குப் போனாள். அத்தான் அந்தத் தூக்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் போன் அடிக்கவில்லை.

ஆறு மணிக்குப் போன் என்பது இருபது வருட ஏற்பாடு. ரத்தினபாய் கூப்பிடுவாள். நாட்காட்டியில் அன்றைக்குப் போட்டிருக்கும் வசனத்தை வாசிப்பாள். "தூங்கினியா?" என்பாள். வைத்துவிடுவாள். மொத்தம் முக்கால் நிமிடம். எலியேசர் பாதி நாள் அதைக் கண் மூடியபடியே கேட்டு "ஆமென்" சொல்லிவிட்டு மறுபடி படுத்திருக்கிறார். இப்போது போன் அடிக்காமல் ஆறு மணிக்குக் கண் திறந்துகொண்டது, மூட மறுத்தது. செவ்வாயும் அப்படியே.

செவ்வாய் மாலை ரோஸி அத்தானைக் கூப்பிட்டுக் கேட்டாள். அத்தான் குரலைத் தாழ்த்தி இரண்டு செய்தி சொன்னார். ஒன்று, வேண்டுமென்றே தன்னை வீடியோவிலிருந்து வெட்டியெடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் மேல் பழி போட்டு நாடகம் ஆடுகிறார்கள் என்று ரத்தினபாய் முடிவு கட்டியிருக்கிறாள். இரண்டு, வருகிற திங்கட்கிழமை அவளுக்கு இடது மூட்டு மாற்று ஆபரேஷன். தேதி குறித்துப் பத்து நாளாகிறது.

முதல் செய்தி எலியேசருக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. இரண்டாவதைக் கேட்டதும் எழுந்துபோய் நாட்காட்டியில் திங்கட்கிழமையைத் தேடினார். அக்காவுக்கு ஆபரேஷன், அதை அவர் மூன்றாம் மனிதர் போலக் கேள்விப்படுகிறார். அவளை மயக்கம் கொடுத்து உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் இதைச் சரிசெய்தாக வேண்டும். வேறு ஒருவராக இருந்தால் அன்றைக்கே பஸ் ஏறிப்போய், அக்கா, அப்படியெல்லாம் இல்லை என்று கையைப் பிடித்திருப்பார். எலியேசர் பௌதிக ஆசிரியர். நிரூபணம் இல்லாமல் எதையும் சொல்லிப் பழக்கமில்லை. வீடியோ தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும். அக்கா படியேறுவதை அக்காவே பார்க்க வேண்டும். அப்புறம் பேச்சுக்கே இடமில்லை என்று கணக்குப் போட்டார்.

மாப்பிள்ளை ஜேசன் பெங்களூரில் சாப்ட்வேர்க்காரர். ஆனால் மாப்பிள்ளையிடம் போய் எனக்குத் தெரியாது என்று சொல்ல எந்த மாமனாருக்கு மனசு வரும்? பள்ளியில் ஒரு சந்தேகம் வந்தது என்று சுற்றி வளைத்துக் கேட்டார். ஜேசனும் மரியாதையாக, பள்ளிக்கூடத்து லேப்டாப்புக்குச் சொல்வது போலவே சொன்னார். பென்டிரைவிலிருந்து ஓட்டாமல் உள்ளே காப்பி செய்து ஓட்டுங்கள்; சார்ஜரைச் செருகியே வையுங்கள்; திறந்து கிடக்கும் மற்ற ஜன்னல்களை மூடுங்கள்; டிரைவர் மென்பொருளைப் புதுப்பியுங்கள். எலியேசர் எல்லாவற்றையும் விடைத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தார். திறந்து கிடந்த ஜன்னல்கள் நாற்பத்திரண்டு. அதில் பதினேழு, லேப்டாப்பில் வீடியோ ஏன் நிற்கிறது என்று அவர் தேடியவை. எல்லாம் செய்த பிறகு கோபுரம் குலுங்காமல் வந்தது. தவளை மனிதனாகி நடந்தார். அக்கா முதல் படியில் கால் வைத்தாள்; காகிதம் பறந்தது; படம் நின்றது.

புதன்கிழமை பள்ளி விட்டதும் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, மேற்குத் தாம்பரத்தில் கதிரேசன் கடைக்குப் போனார். கதிரேசன் எதைப் பார்த்தாலும் முதலில் திருகாணிகளைக் கழற்றிவிட்டுத்தான் என்ன கோளாறு என்று கேட்பவன். கழற்றினான். உள்ளேயிருந்து ஒரு சின்னத் தலையணைக்குப் போதுமான தூசியை ஊதி வெளியே தள்ளினான். "வூட்ட பெருக்கறீங்க, இதப் பெருக்க மாட்டீங்களா?" என்று கேட்டான். மூடினான். போட்டுப் பார்த்தான். நின்றது.

வியாழக்கிழமையும் எலியேசர் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். நாள் முழுக்க நின்று பேசிய கால்; தொண்டையில் சாக்பீஸ் தூள்; மடியில் திருத்தாத விடைத்தாள். ஜி.எஸ்.டி. ரோடு முழுவதும் அவர் காதுக்குள்ளேயே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கதிரேசன் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் உண்மையைக் கண்டுபிடித்தான்.

"சார், மிஷின் மேல தப்பு இல்ல. படம்தான் ஓவர் வெயிட்டு. கல்யாண வூட்டு அண்டா சாம்பார ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச சொன்னா அது இன்னா பண்ணும்? சும்மா நிக்கற ஆளுன்னா உறிஞ்சிக்கும். இங்க பாரு, அத்தினி பேப்பர் பறக்குது. ஒவ்வொண்ணையும் அது தனியா வரையணும். மூச்சு முட்டி நின்னுக்குது."

தீர்வு, படத்தையே சாதாரண எச்.டி. அளவுக்கு மாற்றி எழுதுவதுதான். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, இந்தக் கிழட்டு லேப்டாப்பும் தாங்கும். மாற்ற ஒரு பகல் ஆகும். வெள்ளிக்கிழமை முழுக்க அதை ஓடவிட்டு வைப்பதாகக் கதிரேசன் சொன்னான்.

வெள்ளி மாலை எலியேசர் போனபோது கதிரேசன் வெற்றிக் களையோடு இருந்தான். முன்பு நின்ற இடத்துக்கே நேராகப் போய் ஓடவிட்டான்.

காகிதம் பறந்தது. படம் நிற்கவில்லை. எண்ணெயில் வழுக்குவது போல ஓடியது. ரத்தினபாய் ஒவ்வொரு படியாக ஏறினாள். நாலாவது படியில் மூச்சு வாங்கியது தெரிந்தது. மேலே வந்து ஜெரூஷாவின் இரண்டு கன்னத்தையும் தொட்டாள். ஏதோ சொன்னாள், உதடு அசைந்தது. போட்டோவுக்காகத் திரும்பி, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, கேமராவைப் பார்க்க முகத்தைத் தயார் செய்தாள். அப்போது இடப்பக்கத்திலிருந்து ஒரு வழுக்கைத் தலை உள்ளே நுழைந்தது. அதன் கை ரத்தினபாயின் முதுகில் பட்டது. பட்டு, அவளை அப்படியே வலப்பக்கம், இறங்கும் படியைப் பார்த்து நகர்த்தியது. கேமராவின் வெளிச்சம் அடிக்கவே இல்லை. வழுக்கைத் தலை இன்னொரு கையை நீட்டித் தாளாளரை வரவேற்றது. பன்னிரண்டு விநாடி.

"இந்த அம்மா யாரு சார்?"

"எங்கக்கா."

"பாவம், கால் நோவு போல. அந்தச் சொட்டத்தலைக்கு இன்னா அவ்ளோ அவசரம்? மினிஸ்டர் வந்தாரா?"

"அது நான்தான்," என்றார் எலியேசர்.

கதிரேசன் ஸ்குரூடிரைவரை எடுத்து, முறுக்க வேண்டிய அவசியம் இல்லாத ஒரு திருகாணியை முறுக்கினான்.

எலியேசர் அதை இன்னும் மூன்று தடவை போட்டுப் பார்த்தார். செய்தது ஞாபகமே இல்லை. தாளாளர் காத்திருக்கிறாரே என்று அன்றைக்கு உடம்பெல்லாம் பதறியது மட்டும்தான் ஞாபகம். எழுபது மாடு மேய்த்தவன் போல எத்தனையோ பேரை அன்று மேடையில் ஏற்றி இறக்கினார். அதில் ஒன்று இது. 'அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு' என்று அவள் சொன்னபோது ஜெனரேட்டர்காரனைத் திட்டிய தன் வாயை நினைத்துப் பார்த்தார். வாரம் முழுக்க மல்லுக்கட்டி, தன் குற்றத்துக்குத் தானே துல்லியமான சாட்சி தயார் செய்திருக்கிறார், நல்ல வெளிச்சத்தில், ஒரு தடங்கலும் இல்லாமல்.

"கதிரேசா, அந்த இடத்துல மட்டும் பழையபடி நிக்க வைக்க முடியுமா?"

கதிரேசன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா சார் நீ. மூணு நாளா ஓட வை, ஓட வைன்னு உசுர வாங்கின. இப்ப நிக்க வைன்ற. பேஜாரா கீது உன்னோட." பிறகு மனமிரங்கினான். "நிக்கல்லாம் வைக்க முடியாது. வேணும்னா சொல்லு, அந்தத் துண்ட வெட்டி எடுத்துர்றேன். ரெண்டு நிமிசம்."

வெட்டுவது. அக்கா சொன்ன பழியை ஐந்து நாள் கழித்து, இரண்டே நிமிடத்தில், உண்மையாக்கிக் கொடுக்க ஆள் தயார். எலியேசர் லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"வேணாம். அப்படியே இருக்கட்டும்."

"சார்ஜர் எட்த்துனு போ சார். பேட்டரில ஓட்டுனா அது சோம்பேறி ஆய்டும்."

சனிக்கிழமை காலை குன்றத்தூர் பஸ்ஸில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல்லாவரம் தாண்டும்வரை என்ன சொல்வது என்று யோசித்தார். வரிசை நீளமாக இருந்தது, தாளாளர் பெரிய மனிதர், எனக்கும் அன்றைக்குப் பதற்றம். ஒவ்வொன்றையும் தானே கேட்டுப் பார்த்தார். வீட்டுப்பாடம் செய்யாமல் வருகிறவர்கள் முப்பத்தொரு வருடமாக அவரிடம் சொல்லும் காரணங்களை விட ஒன்றும் உசத்தியாக இல்லை. களைப்பில் கடைசி இரண்டு நிறுத்தம் தூங்கிப்போனார்.

ரத்தினபாய் இடது காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். "வா" என்றாள். அவ்வளவுதான். அத்தான் சார்ஜரை வாங்கிச் செருகினார். ஏதாவது செய்யக் கிடைத்ததே என்ற சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. எலியேசர் நேராக அந்த இடத்துக்குப் போய், அடியை ஒரேயடியாக வாங்கிவிடலாம் என்று பார்த்தார்.

"மொதல்லேருந்து போடு. அன்னைக்குச் சர்ச் கல்யாணத்தையே ஒழுங்காப் பாக்கல."

ஆக, தீர்ப்புக்கு ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. கோபுரம் மேகத்தில் மிதப்பது போல வந்தது. எலியேசர் மகளைக் கைபிடித்து நிதானமாக நடந்துவந்தார். ஒழுங்காக நடக்கவும் உனக்குத் தெரிகிறதே என்றாள் அக்கா. அத்தான் இரண்டு தடவை காப்பி போட்டார்.

வரவேற்பு வந்தது. முதல் படி. காகித மழை. ரத்தினபாய் கண்ணாடியை மூக்கில் அழுத்திக்கொண்டாள். ஏறினாள், தொட்டாள், திரும்பினாள், தலைப்பைச் சரிசெய்தாள். வழுக்கைத் தலை வந்தது. எலியேசர் லேப்டாப்பைப் பார்க்காமல் ஸ்டூலில் கிடந்த அவள் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீங்கி, தேய்த்த தைலத்தில் மினுங்கியது.

"நான்தாங்க்கா உன்னத் தள்ளினேன்," என்றார். பஸ்ஸில் தயார் செய்ததில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. "தாளாளர் பின்னாடி நின்னாரு. யாரும் வெட்டல. நான்தான் தள்ளினேன். நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது."

"சும்மா இருடா. பின்னாடி போ. அந்தப் படி ஏறுற இடத்துக்கு."

போனார். மறுபடி ஓடியது.

"நிறுத்து."

ஸ்பேஸ் பட்டனைத் தட்டினார். நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக, நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது. ரத்தினபாய் முன்னால் சாய்ந்து திரையில் விரலை வைத்தாள். தைல விரலின் தடம் அதில் பதிந்தது.

"அங்க பாரு. ஜெரூ கை."

பார்த்தார். அவர் அக்காவை வலப்பக்கம் நகர்த்திக்கொண்டிருக்கிறார். ஜெரூஷா இடப்பக்கம் சிரித்த முகமாகத் தாளாளருக்கு வணக்கம் சொல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறாள். ஆனால் கீழே, பூங்கொத்துக்கு அடியில், அவள் கை அத்தையின் விரல்களைப் பிடித்திருந்தது. மறுபடி ஓடவிட்டார்; அக்கா நகர நகர அந்தக் கை நீண்டுகொண்டே போனது. கடைசி விரல்நுனி வரைக்கும் போய், வேறு வழியில்லாமல் விட்டது. நேற்று அவர் இதை நாலு தடவை பார்த்திருக்கிறார். நாலு தடவையும் தன் கையைத்தான் பார்த்தார்.

"எனக்கு இது நெனப்பே இல்லடா," என்றாள் ரத்தினபாய். "முதுகுல உன் கை பட்டதுதான் நெனப்பு இருந்துச்சு."

இன்னொரு தடவை போடச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை. எத்தனை தடவை போட்டாலும் லேப்டாப் அலுக்காமல் ஓடியது. அத்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது காப்பிக்கு உள்ளே போனார்.

"ஆபரேஷன ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொல்றதுக்குத்தான் அன்னைக்கு வந்தேன். வீடியோ முடியட்டும்னு இருந்தேன்." திரையில் பதிந்த தைலத்தை முந்தானையால் துடைத்தாள். "அஞ்சு நாளா இதைத்தான் ரிப்பேர் பண்ணிட்டு இருந்தியா? ஒரு போன் பண்ணியிருந்தா முக்கால் நிமிசத்துல முடிஞ்சிருக்கும்."

எலியேசர் பௌதிகத்தில் அப்படி ஒரு சுருக்கு வழி இல்லை என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டார்.

"திங்கக்கிழமை ஆறு மணிக்கு என்னால போன் பண்ண முடியாது. உள்ள கூட்டிட்டுப் போயிருவாங்களாம். நீ அங்க வந்து வசனத்த வாசி. கண்ணைத் தொறந்துகிட்டு வாசி. இருபது வருசமா நீ தூக்கத்துலதான் ஆமென் சொல்றேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

மத்தியானம் சாப்பிட்டுக் கிளம்பும்போது, தெருமுனை வரை தானும் வருவதாகச் சொன்னாள். ஆபரேஷனுக்கு முன்னால் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வாசலில் மூன்று படி. ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினாள். எலியேசர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு படி பின்னால் நின்றார்.

தெரு குறுகலானது. நடுவில் அவர்கள் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் தண்ணீர் கேன் ஏற்றிய வண்டி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. பழக்கத்தில் எலியேசரின் கை தானாக எழுந்தது. அக்காவின் முதுகுக்குச் சாண் தூரத்தில் அது ஒரு கணம் நின்றது; பிறகு பின்பக்கம் திரும்பி, வண்டிக்காரனைப் பார்த்து, கொஞ்சம் இருப்பா என்பது போல விரிந்தது. வண்டிக்காரன் தலையிலடித்துக்கொண்டு எஞ்சினை அணைத்தான். ரத்தினபாய் திரும்பிப் பார்க்காமல், தன் வேகத்திலேயே நடந்தாள்.